நாங்க மன்னிச்சிட்டோமுங்க

பத்தரை மணிக்கு வரச் சொன்னார்கள், பத்தரைக்கே வந்துவிட்டோம், இப்போது பன்னிரண்டு ஆகப் போகிறது, எஸ்.ஐ. வரவில்லை. யாரோ மந்திரி பைபாஸில் போகிறாராம், அவர் போய் முடிக்கிற வரைக்கும் இவர் ரோட்டில் நிற்க வேண்டுமாம். "உக்காருங்க, வந்துருவாரு" என்று ஏட்டு மூன்று தரம் சொல்லிவிட்டார். உட்கார்ந்துதானே இருக்கிறோம், எழுந்து ஆடவா செய்கிறோம். ஸ்டேஷன் வாசலில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குக் கீழே எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. இந்தப் பெஞ்சில் நாங்கள் ஐந்து பேர், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபம் செய்துகொண்டிருந்தவர்கள். அந்தப் பெஞ்சில் அவர்கள் ஆறு பேர், எங்கள் தெருக்காரர்கள், அந்த வீட்டில் ஜெபமே நடக்கக் கூடாது என்பவர்கள். நடுவில் பத்தடி. என் பக்கத்தில் என் வீட்டுக்காரர், சபைக்கு அவர் பாஸ்டர் தீமோத்தேயு. இடது புருவத்துக்கு மேலே ஆறு தையல், அதன்மேல் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்திரி, அதற்கெல்லாம் கீழே அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல்லடி பட்டவன் முகமா அது? கல்யாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். வந்ததும் எதிர்ப் பெஞ்சைப் பார்த்துக் கும்பிடு வேறு போட்டார். ஒருத்தரும் திருப்பிக் கும்பிடவில்லை. நன்றாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரத்தம் மூக்கோரமாக வழிந்து வெள்ளைச் சட்டையை நனைத்துக்கொண்டிருக்கும்போதே, வந்து நின்ற போலீஸ்காரரிடம் முதல் வார்த்தையாக இந்த மனுஷர் என்ன சொன்னார்? "நாங்க மன்னிச்சிட்டோமுங்க." நாங்க. நாங்க என்றால் யார்? என்னைக் கேட்டாரா? அவர் மண்டை, அவர் ரத்தம், அவர் மன்னிக்கட்டும், அது அவர் பாடு. என்னை எதற்கு அதில் இழுக்கிறார்? ரேஷன் கார்டில் பேர் சேர்த்தது போதாதென்று மன்னிப்பிலும் சேர்த்துவிட்டார். அந்தச் சட்டையை வெந்நீரில் ஊறவைத்து, வெந்நீரில் ரத்தக்கறை போகாது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் கோபத்தில் வெந்நீரைக் கொட்டிவிட்டேன், இப்போது அது காப்பிக்கறை மாதிரி நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அதையும் நான்தான் செய்தேன். அதற்கும் கோபம் வருகிறது.

இவர்களுக்கெல்லாம் மன்னிப்பது லேசு. ஏனென்றால் ஒருத்தரும் பார்க்கவில்லை. திங்கட்கிழமை இதே ஸ்டேஷனில் எஸ்.ஐ. கேட்டார். "இருபத்தாறு பேரு இருந்த ஊடு, பகல் பத்தே முக்கால், ஜன்னல் தொறந்து கெடக்குது, ஒருத்தன் வந்து நின்னு கல்லை உட்டுட்டுப் போறான், ஒருத்தருமா பாக்கல?" வரிசையாக ஒவ்வொருத்தரும் சொன்னார்கள். "ஜெபத்துல இருந்தமுங்க, கண்ணை மூடீட்டிருந்தமுங்க." பக்கத்து ஊரிலிருந்து வீட்டுக்குத் தெரியாமல் ஜெபத்துக்கு வரும் மாரக்கா சொன்னாள், தறிக்கு அச்சுப் பிணைக்கிற அருளப்பன் சொன்னான், என் வீட்டுக்காரர் சொன்னார். நாலாவது ஆள் சொல்லும்போது எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்த ரைட்டருக்கும் வந்துவிட்டது. "இப்படி ஒரு சாட்சிக் கூட்டத்தை நான் பாத்ததில்ல" என்றார். என் முறை வருவதற்குள் அவருக்குப் போன் வந்தது, எழுந்து போய்விட்டார், என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் கண் திறந்திருந்தது. எப்போதுமே திறந்துதான் இருக்கும். பாஸ்டர் பொண்டாட்டிக்குக் கண்ணை மூட நேரம் ஏது? ஆராதனை முடிந்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் டீ, ஒரு கரண்டி உப்புமா கொடுக்க வேண்டும். எத்தனை பேர் என்று எண்ண வேண்டாமா? பாட்டு நேரத்தில் எண்ண முடியாது, குழந்தைகள் இங்கும் அங்கும் தவழும், பெண்கள் எழுந்து எழுந்து உட்காருவார்கள். கடைசி ஜெபத்தில்தான் எல்லோரும் அடித்து வைத்த முளை மாதிரி அசையாமல் இருப்பார்கள், அதுவும் இவர் ஜெபிக்க ஆரம்பித்தால் பத்து நிமிஷத்துக்குக் குறையாது. அப்போதுதான் எண்ணுவேன். பதினொரு வருஷமாக இந்தத் திருட்டுத்தனம். கண்ணை மூடாவிட்டால் ஆண்டவர் வருத்தப்படுவார் என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவளும் நான்தான். அன்றைக்கும் எண்ணினேன். பதினாறு, பதினேழு, மாரக்கா பதினெட்டு, ஜன்னலில் ஒரு தலை, அது பத்தொன்பது.

எண்ணிவிட்டேன் அவனையும். அதுதான் என் நெஞ்சைப் போட்டு அறுக்கிறது. பூபதி. பக்கத்து வீட்டுச் சரசக்கா மகன், இருபத்து மூன்று வயது, எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தான், நான் என்ன நினைத்தேன்? பூபதி வந்துவிட்டான் என்று நினைத்தேன். ஜெபம் கேட்க வந்துவிட்டான், வெளியே நின்று கேட்கிறான், கூச்சம், உள்ளே வர வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். சிரித்தேன். அவனைப் பார்த்துச் சிரித்தேன், மூளையில்லாதவள், வா என்று தலையைக்கூட அசைத்தேன். உப்புமாவுக்கு இன்னும் ஒரு கை ரவை போட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டே இருபது, இருபத்தொன்று என்று தொடர்ந்தேன். இருபத்தாறில் முடித்தேன், திரும்பவும் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான், கம்பியை விட்டுக் கை உள்ளே வந்தது. நான் சிரித்த பிறகு போட்டான். சிரிக்காமல் இருந்து, முறைத்து, யாருடா அது என்று கத்தியிருந்து, அதற்குப் பிறகு போட்டிருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. சிரித்தவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்டான். அப்புறம் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டபோது இருபத்தாறு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதற்றத்தில் எண்ணினது அப்படியே வாயில் வந்துவிட்டது. மனுவில் இருபத்தாறு, ரைட்டர் நோட்டில் இருபத்தாறு. உள்ளே இருந்தது இருபத்தைந்துதான். அந்த இன்னொருத்தன் இதோ எதிர்ப் பெஞ்சில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான். போனில் வெளிச்சமே இல்லை. கருப்பாக இருக்கிற கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். நான் வாயைத் திறப்பேனா மாட்டேனா என்று ஒன்றரை மணி நேரமாகத் தேய்க்கிறான். தேய்க்கட்டும். தேய்ந்து போகட்டும்.

அவனுக்குக் கான்ஸ்டபிள் வேலை வரப்போகிறது. எழுத்துப் பரீட்சையில் பாஸ், ஓட்டத்தில் பாஸ், கயிறு ஏறியதில் பாஸ், இனி வெரிபிகேஷன் ஒன்றுதான் பாக்கி. இந்த ஸ்டேஷனிலிருந்தே ஒரு ஆள் போய், பையன் மேல் கேஸ் ஏதாவது உண்டா என்று தெருவில் விசாரிப்பார்கள். கேஸ் இல்லை என்றால் போலீஸ். இருந்தால் தறிப்பட்டறைதான். அந்தத் தெருவில் நானும் இருக்கிறேன். என் வாயில் ஒரு பேர் இருக்கிறது, மூன்றெழுத்துப் பேர், சொன்னால் அவன் காக்கிச் சட்டை அப்படியே பறந்துவிடும். அதை நினைத்தால் நாக்கில் இனிக்கிறது. பொய் சொல்லக் கூடாது, இனிக்கத்தான் செய்கிறது. நேற்று கண்டு நூலைத் தறிக்கான தார்க்குச்சியில் மோட்டார் போட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன், "பூபதிங்க சார்." மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். அப்போது ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இவர் உள்ளே வந்தார், சட்டென்று பாட்டு மாதிரி ஏதோ முணுமுணுத்துவிட்டேன். இவருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. கட்டின புருஷனிடம் மூன்று நாளாகச் சொல்லாமல் ஒன்றை வைத்திருக்கிறேன். கண்ணைத் திறந்திருந்தேன் என்று சொல்ல வெட்கமா? அதுவும்தான். பதினொரு வருஷமாக என் ஜெபத்தில் பாதி ரவைக் கணக்கு என்று தெரிந்தால் மாரக்கா என்ன நினைப்பாள்? ஆனால் அது மட்டும் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. அது என்னவென்று யோசிக்கிற இடத்துக்கு வரும்போதெல்லாம் கோபம் வந்து குறுக்கே படுத்துக்கொள்கிறது.

எதற்கு எங்கள் மேல் இத்தனை ஆத்திரம்? மைக் வைத்தோமா, இல்லை. ஒரு தம்புரா, ஒரு கஞ்சிரா, அருளப்பனின் கட்டைக் குரல். தெருவில் எட்டுப் பட்டறை ராத்திரி பகலாகக் கடகடவென்று ஓடுகிறது, அதில் யார் காதில் எங்கள் பாட்டு விழுந்தது? கேட்டால் அரிசி மூட்டைக்கு மதம் மாறினவர்கள் என்கிறார்கள். தெருச் சங்கத் தலைவர், அதோ வெள்ளை வேட்டியில் அந்தப் பெஞ்சின் கோடியில் காலாட்டிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் அந்த வார்த்தையைக் கிளப்பிவிட்டவர். பதினொரு வருஷமாக அந்த மூட்டை எங்கே என்று நானும் தேடுகிறேன். என் வீட்டில் வேகிறது ரேஷன் அரிசி, அவர் வீட்டு மாட்டுக்கு வேகிறதும் அதே ரேஷன் அரிசிதான். கல் விழுந்த அன்றைக்கு முதல் ஆளாக ஓடிவந்து, "அட, யாரு பண்ணுன வேலை இது, நாங்க உங்களுக்குக் காவலா இருக்கோம், ஆனா கூட்டம் மட்டும் வேண்டாம்" என்றவரும் அவர்தான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற கை. எஸ்.ஐ. திங்கட்கிழமை போன் பேசிவிட்டு வந்து சொன்னதும் அதையே வேறு மாதிரி. "பேரு தெரியும்னா சொல்லுங்க, எப்.ஐ.ஆர். போடறேன், ஊட்டு வாசல்ல ஒரு ஆளை நிறுத்தறேன். தெரியாதுன்னா இதுல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. மூணாவது வழி கெடையாது, புதன்கெழமைக்குள்ள முடிக்கணும்." அந்தத் தாளை நான் படித்தேன். எட்டாவது வரை படித்தவள், தமிழ் நன்றாகவே படிப்பேன். காயம் யாரால் ஏற்பட்டது என்று எங்களுக்குத் தெரியாது. மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை. மேற்படி வீட்டில் இனிமேல் ஜெபக்கூட்டம் எதுவும் நடத்த மாட்டோம் என உறுதி கூறுகிறோம். கீழே கோடு போட்டு என் பேர், வளர்மதி. ஞானஸ்நானம் எடுத்துப் பியூலா ஆனதெல்லாம் ஆதார் கார்டுக்குத் தெரியாது. இந்த மனுஷர் அதையும் படித்துவிட்டு நேற்றுச் சாயங்காலம் என்னிடம் மெதுவாகச் சொல்கிறார், "ஊட்டுலன்னுதானே எழுதியிருக்காங்க பியூலா. ஆத்தங்கரையில பண்ணலாம், யாரு காட்டுலயாவது பண்ணலாம். கேஸுன்னு போனா சாட்சி சொல்லக் கூப்புடுவாங்க. மாரக்கா இங்க வர்றது அவ ஊட்டுக்காரனுக்குத் தெரியாது. தெரிஞ்சா அடிச்சே கொன்னுபோடுவான்." சரிதானே, அவர் சொல்வதில் என்ன தப்பு? தனக்காகப் பயப்படுகிறவர் இல்லை, அது எனக்குத் தெரியும். அவர் சொல்வது சரி என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ஆற்றங்கரை. ஆற்றங்கரையில் அடுத்த கல். அங்கேயிருந்து காடு, காட்டிலிருந்து மலை, அப்புறம் எங்கே? ஒரு ஆளுக்குத் தன் வீட்டில் நாலு பேரோடு உட்கார்ந்து ஆண்டவரே என்று சொல்ல இடமில்லையா? சமாதானமாக இரு, சமாதானமாக இரு என்று ஊழியர் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி எங்கள் ஆட்கள் எதற்கும் சரி என்று தலையாட்டப் பழகிவிட்டார்கள். அதுவா சமாதானம்? எனக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரே ஒரு தரம் வந்திருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால், பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள் என் மகள், ஒரு கை நீளம், இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். இவர் பக்கத்தில் மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டே இருந்தார். நர்ஸம்மா வந்து சொன்னதும் நான் ஜெபிக்கவில்லை, திட்டினேன். ஆண்டவரை நீ வா போ என்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திட்டித் திட்டித் தொண்டை அடைத்துப்போன பிறகு வந்தது. எங்கள் தெருவில் திடீரென்று கரண்ட் போய்விட்டால் எட்டுப் பட்டறைத் தறியும் ஒரே சமயத்தில் நிற்குமே, அப்போதுதான் இத்தனை நேரம் எவ்வளவு சத்தத்தில் இருந்தோம் என்பதே தெரியும். அப்படி உள்ளே எல்லாம் நின்றது. யாரோ பக்கத்தில் இருந்தார். பதில் ஒன்றும் சொல்லவில்லை. மகளைத் திருப்பித் தரவும் இல்லை. இருந்தார், அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் இருக்குமா, பத்து நிமிஷம் இருக்குமா, தெரியாது. அதற்கப்புறம் எத்தனையோ உபவாசம், எத்தனையோ ஜெபம், திரும்ப வரவில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தின் மேல்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன். இவர்கள் என்னை அரிசி மூட்டை என்கிறார்கள். அந்த ஐந்து நிமிஷத்தை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்கிறார்கள். எப்படிப் போடுவேன்? கை வந்தால்தானே? அந்த வராந்தாவில் என் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தவள் யார் தெரியுமா, அதோ, அந்தப் பெஞ்சில், மகன் தோளில் கை போட்டு உட்கார்ந்திருக்கும் சரசக்கா. எட்டு நாள் எனக்குச் சோறு வந்தது அவள் வீட்டிலிருந்து. அந்தச் சோற்றை எடுத்துவந்தது அவன்.

தாகம் எடுக்கிறது. எழுந்து தண்ணீர் டிரம் பக்கம் போனால் சரசக்காவும் எழுந்து வருகிறாள். ஐயோ, வராதே அக்கா, இப்போது வராதே. வந்துவிட்டாள். டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக் கழுவி, தண்ணீர் பிடித்துத் திரும்ப என்னிடமே தருகிறாள். "வளரு, மொகமெல்லாம் இப்பிடி வாடிக் கெடக்குதே. காலைல என்னத்தத் தின்ன?" ஒன்றும் தின்னவில்லை என்று தலையை ஆட்டுகிறேன். "எங்கிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத அம்மிணி. தெருவுல எல்லாரும் வரோணும்னு தலைவரு சொல்லிப்போட்டாரு, வந்தோம். எனக்கு உம்மேல என்ன கோவம்? உங்க சாமி உங்களுக்கு, எங்க சாமி எங்களுக்கு." அப்புறம் குரலைத் தாழ்த்தி, கையை விரித்து, "அந்தக் கல்லைப் போட்டானே, அவன் கை வெளங்குமா? நல்ல மனுசன் மண்டையில கல்லைப் போட்ட கை அழுகித்தான் போகும், நீ வேண்ணாப் பாரு. ஆனாக் கையெழுத்துப் போட்டுரு வளரு. எம்பையனுக்கு விசாரணை வர்ற நேரம், தெருவுல பிரச்சனைன்னு இருக்கக் கூடாது." தண்ணீர் எனக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டுகிறாள். அவளுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது, தெரிந்தவள் பெற்ற பிள்ளையின் கைக்கு இப்படிச் சாபம் கொடுப்பாளா? அவள் தோளுக்கு மேலே பார்த்தால் பூபதி போனைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்கிறான். வெளிறிப்போயிருக்கிறான். நான் இப்போதே இவளிடம் சொல்லிவிடலாம், எஸ்.ஐ. எதற்கு, எப்.ஐ.ஆர். எதற்கு, இந்த டிரம் பக்கத்தில் வைத்து, உன் மகன்தான் அக்கா என்று சொன்னால் போதும். அவன் பட வேண்டியதையெல்லாம் இவளே பட்டுவிடுவாள். வாய்வரை வந்தது. "சரிக்கா" என்றேன். எதற்குச் சரி என்று எனக்கே தெரியவில்லை.

பயமாகவும் இருக்கிறது. கோபம் கோபம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பயம் தெரியாது என்று பார்த்தேன், தெரிகிறது. பேரையும் சொல்லாமல் கையெழுத்தும் போடாமல் போனால் என்ன ஆகும்? அடுத்த ஞாயிறு இருபத்தைந்து பேர் வருவார்களா? பத்துப் பேர் வருவார்களா? இவர் ஜன்னல் பக்கம்தான் நிற்பார், நகரச் சொன்னால் கேட்க மாட்டார், அடுத்த கல் இரண்டு விரல் கீழே பட்டால் கண் போய்விடும் என்று தையல் போட்ட டாக்டர் சொன்னார். கண் போனாலும் மன்னிச்சிட்டோமுங்க என்பார். என்ன செய்வேன் இந்த மனுஷரை வைத்துக்கொண்டு? பேரைச் சொல்லிவிடலாம். சொல்வதில் என்ன பாவம்? கல் போட்டது உண்மை, பார்த்தது உண்மை, சட்டம் இருக்கிறது, நாளைக்கு அவன் போலீஸ் ஆகி லத்தியோடு வந்து நின்றால்? இல்லை, அவன் பதினைந்து வயதில் தூக்குவாளியோடு வந்து வராந்தாவில் நின்றான், அக்கா சாப்புடுங்க என்றான், என் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அதுவும் உண்மைதானே? அதே பையனா இது? எந்தப் பேச்சைக் கேட்டு இப்படி ஆனான்? என்னைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டாமா, நான் சிரித்தேனே. ஜீப் சத்தம். எஸ்.ஐ. இறங்குகிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. மணி ஒன்று. யாரையும் பார்க்காமல், "ரெண்டு தரப்பும் உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

மேஜை மேல் அந்தத் தாள். மின்விசிறியில் பறக்காமலிருக்க அதன்மேல் ஒரு ஸ்டேப்ளர். "சீக்கிரம் முடிங்க, நான் இன்னுஞ் சாப்புடல. பாஸ்டர், நீங்க மொதல்ல" என்றார் எஸ்.ஐ. என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார். தலைவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானார். "நான் பாத்தனுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. எஸ்.ஐ. நிமிர்ந்தார். "என்னத்தப் பாத்த?" "கல்லு போட்டவங்களை." "கண்ணை மூடியிருந்தேன்னு சொன்னியேம்மா?" "நான் சொல்லலீங்க, மத்தவங்க சொன்னாங்க. நான் தொறந்துதான் வெச்சிருந்தேன். எப்பவும் ஜெபத்துல தொறந்துதான் வெச்சிருப்பேன், உப்புமாவுக்குத் தலை எண்றதுக்கு." மாரக்கா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். ஏட்டு சிரித்தார், எஸ்.ஐ. சிரிக்கவில்லை. ரைட்டரிடமிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார். "பேரு?" பூபதி தரையைப் பார்த்தான். தலைவர் பூபதியைப் பார்த்தார், அந்த ஒரு பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது, அனுப்பினது யார் என்று. நான் பேரைச் சொன்னால் இவன் தறிக்குப் போவான், அவர் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போவார். இருந்தாலும் சொல்லத்தான் வாய் திறந்தேன். சொன்னால் மூன்று நாளாக எரிகிற இந்த நெஞ்சு ஆறும். அந்த எரிச்சல் ஆறத்தான் சொல்லப் போகிறேன், நியாயத்துக்காக இல்லை என்பது அந்த நொடியில், எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது, தெரிந்தது. இது இப்போதா தெரிய வேண்டும், ஆண்டவரே, எனக்குக் காட்ட வேறு நேரமே கிடைக்கவில்லையா? "பேரைச் சொல்ல மாட்டனுங்க" என்றேன்.

"வெளையாடறியா?" மேஜையைத் தட்டினார். "அப்பக் கையெழுத்தைப் போடு." "அதுவும் மாட்டனுங்க. யாருன்னு தெரியாதுன்னு எழுதியிருக்குது, எனக்குத் தெரியுமே. பொய்க்கு எப்படிங்க கையெழுத்துப் போடறது? ஜெபம் நடத்த மாட்டோம்னும் எழுதியிருக்குது. நடத்துவமுங்க. ஞாயித்துக்கெழம ஒம்பதரைக்கு, எங்க ஊட்டுலயே." "மறுபடியும் கல்லு வந்தா இந்தப் பக்கம் வராத." "வருவமுங்க. வந்து இதே பெஞ்சுல உக்காருவமுங்க. இங்க வராம வேற எங்க போறது?" குரல் ஏறிவிட்டது, கோபத்தில்தான் கத்துகிறேன் என்று அவர்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். எஸ்.ஐ. என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "பாஸ்டர், நீங்களாவது உங்க சம்சாரத்துக்கு எடுத்துச் சொல்லுங்க." இவர் என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு இல்லை. மூன்று நாளில் முதல் தரமாக அந்த முகத்தில் சிரிப்பு இல்லை, தையலில் வலிக்கிறது என்பது தெரிந்தது. பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். "எனக்கும் அதேதானுங்க" என்றார்.  எஸ்.ஐ. தாளை இழுத்து டிராயரில் போட்டு, "எக்கேடோ கெட்டுப் போங்க, எனக்குப் பசிக்குது" என்றார்.

வெளியே வெயில் கொளுத்துகிறது. மாரக்காவும் மற்றவர்களும் ஷேர் ஆட்டோவில் போய்விட்டார்கள். போகும்போது மாரக்கா என் கையைப் பிடித்து, "இந்த ஞாயித்துக்கெழம எனக்கு ரெண்டு கரண்டி போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள், வருவாளோ மாட்டாளோ. பூபதி அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. சரசக்கா மட்டும் கையைக் காட்டினாள், நானும் காட்டினேன். நெஞ்சு ஆறவில்லை. கரண்ட் போன மாதிரி ஒன்றும் நிற்கவில்லை, எட்டுத் தறியும் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் நிழல் ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது, அதில் என்னை நிறுத்திவிட்டு இவர் பிளாஸ்திரியோடு வெயிலில் நிற்கிறார். இரண்டு பஸ் நிற்காமல் போனது. அதற்கப்புறம் கேட்டார், ஜெபத்தில் பேசுகிற குரல் இல்லை, வீட்டுக் குரல். "யாரு பியூலா?"

"உங்ககிட்டச் சொன்னா ஒடனே மன்னிச்சிருவீங்க" என்றேன். "நான் இன்னும் மன்னிக்கலீங்க. மன்னிச்சதுக்கு அப்பறம் சொல்றேன்."